அயற்பணிக்குப் போன பேட்டரி

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் போற்றுகிறது. போற்றட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் ஒழுங்காக மாட்டியிருந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதை மறுபடி எப்படி மாட்டுவது என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்த மாமனிதர்களைப் பற்றி எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் ஒரு வரிகூடக் கிடையாது. மனித குலம் இவ்வளவு நன்றி கெட்டதாக இருக்கக் கூடாது. அந்தக் களங்கத்தைத் துடைக்கும் பொருட்டு, ஒருங்கிணைப்புப் பிரிவின் துணை இயக்குநர் அவர்கள் தம் சொந்தக் கைகளால் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பழுதுபார்த்த வீர வரலாறு இங்கே பணிவுடன் பதிவு செய்யப்படுகிறது.

ஒருங்கிணைப்புப் பிரிவு எதை எதோடு ஒருங்கிணைக்கிறது என்பது அவருடைய மனைவிக்கு இன்றுவரை தெரியாது. அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தெருவிலும் அவளுக்கு அதுதான் பெயர். காரியம் ஆக வேண்டியிருந்தால் கணவரும் "டீச்சரம்மா" என்று குழைவார். மற்ற நேரங்களில் "எங்கே என் கண்ணாடி?" என்பதுதான் அவளைக் கூப்பிடும் முறை.

எல்லாம் ஒரு பயிற்சி முகாமில் தொடங்கியது. உயர் அதிகாரிகளைக் குளிரூட்டிய அரங்கில் அடைத்து 'ஆளுமை மேம்பாடு' ஊட்டினார்கள். பயிற்சியாளர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "உங்கள் கைகளைக் கேளுங்கள். அவை என்ன செய்ய ஆசைப்படுகின்றன?" என்றாராம். பணிக்காலம் முழுவதும் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு பாவம் அறியாத துணை இயக்குநரின் கைகள், "ஸ்பேனர்" என்று பதில் சொன்னனவாம். இதைச் சாப்பாட்டு மேசையில் அவரே அறிவித்தார். அறிவித்தபோது அவர் குரல் தழுதழுத்தது.

"கைக்கு வேலை வேணும்னா சிங்க்ல பாத்திரம் கிடக்கு," என்றாள் கணக்கு டீச்சர்.

அற்ப வேலைகளுக்கு அந்தக் கைகள் இணங்குமா? சில நாட்களில் ஒரு லாரியின் முதுகில் ஏறிக்கொண்டு அந்தக் கார் வந்து சேர்ந்தது. நல்ல சிவப்பு. ரொம்பத் தாழ்வு. அதில் ஏறுவதும் தரையில் உட்காருவதும் ஏறக்குறைய ஒன்றுதான். துணை இயக்குநரைவிட வயதில் மூத்தது. அவரைப் போலவே வெளியே பளபளப்பு, உள்ளே என்ன இருக்கிறதென்று நெடுங்காலமாக யாரும் திறந்து பார்த்ததில்லை.

"இது ஓடுமா?" என்று கேட்டாள் டீச்சர்.

"ஓடியிருக்கு."

"எத்தனை பேர் உட்காரலாம்?"

"ரெண்டு பேர். ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்."

"பொண்ணோட சேர்த்து நாம மூணு பேர் இருக்கமே?"

"என்னக்கா நீ! மூணு பேரும் ஏறிட்டா கேட்டை யாரு சாத்துறது?"

இந்தக் கூர்மையான கேள்வியைக் கேட்டவன் அவளுடைய தம்பி. காப்பீட்டு முகவர். இறப்பைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துப்போய், வாழ்வில் புதிதாக எதையாவது செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவன். சிவப்புக் காரைப் பார்த்த நிமிடமே கைப்பேசியில் 'நானே மெக்கானிக்' என்ற சேனலைத் தொடங்கிவிட்டான். அவன் அல்ல மெக்கானிக், அத்தான்தான். ஆனாலும் 'அத்தானே மெக்கானிக்' என்றால் எடுப்பாக இல்லையாம்.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. சின்னது, வெள்ளை, டீச்சர் தன் சம்பளத்தில் வாங்கியது. அதனிடம் ஒரே ஒரு குறை: அது ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினால் கிளம்புகிற காரை யார் மதிப்பார்கள்? ஷெட்டிலிருந்து அது அன்றைக்கே வெளியேற்றப்பட்டது. தெருவில் மரத்தடியில் நின்றுகொண்டு, காக்கைகள் மேலிருந்து வழங்கியதையெல்லாம் வாய் பேசாமல் வாங்கிக்கொண்டது.

முதல் ஆய்வுக் கூட்டம் ஷெட்டில் நடைபெற்றது. தலைமை, துணை இயக்குநர். ஒளிப்பதிவு, தம்பி. தேநீர், கணக்கு டீச்சர். கல்லூரியில் வேதியியல் படிக்கும் மகள் பார்வையாளராக அனுமதிக்கப்பட்டாள். கார் கிளம்பவில்லை என்ற உண்மை ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"கிளம்பாததுக்கு யார் பொறுப்புன்னு முதல்ல கண்டுபிடிக்கணும்," என்றார் துணை இயக்குநர்.

"ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டலாமேப்பா?" என்றாள் மகள்.

"வெளி ஆளைக் கூப்பிட்டா நம்ம ஆளுங்க மனசு உடைஞ்சுபோகும்."

"நம்ம ஆளுங்கன்னா யாரு?"

"நான்."

அலுவலகத்தில் ஒரு வேலை நடக்கவில்லை என்றால் அவர் அந்தப் பிரிவில் உள்ள அத்தனை பேரையும் வராந்தாவில் கொண்டுவந்து நிற்க வைப்பார். இங்கேயும் அதே நடைமுறைதான். உள்ளே இருந்த அத்தனையும் ஒன்றுவிடாமல் வெளியே வந்தன. கார்புரேட்டரைப் பெட்ரோலில் ஊற வைக்கப் பாத்திரம் தேவைப்பட்டது. பிரஷர் குக்கர் தானாகவே முன்வந்தது. ஸ்பார்க் ப்ளக்குகள் பல் துலக்கும் டம்ளரில் நின்றன. அந்த வாரம் வேகவைத்த உருளைக்கிழங்கில் ஒரு மாதிரி வாடை வந்தது. மகள் அதைச் சாப்பிட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கழற்றுவதில் துணை இயக்குநர் ஒரு மேதை. அதில் சந்தேகமே இல்லை. மாட்டும்போதுதான் சிறு பின்னடைவு. எல்லாவற்றையும் மாட்டி முடித்துக் கையைத் துடைத்தபோது, ஒரு கிண்ணம் நிறைய நட்டும் போல்ட்டும் மீந்திருந்தன.

"அப்பா, இதெல்லாம் மிச்சமா இருக்கே!"

"எந்த ஆபீஸ்லயும் உபரி ஆளுங்க இருக்கத்தான் செய்வாங்க. அவங்க இல்லாமலே வேலை நடக்குதுன்னா, நிர்வாகம் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"வேலை நடக்கலையேப்பா."

"நடக்கும்மா, நடக்கும். எதிர்மறையாப் பேசாதே. வீடியோ ஓடிட்டிருக்கு."

பிரச்சினை திறமையில் இல்லை, ஆள் பற்றாக்குறையில்தான் என்று இரண்டாம் ஆய்வுக் கூட்டம் முடிவு செய்தது. சிவப்புக் காருக்கு உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. அதை உற்பத்தி செய்தவர்களே அதை மறந்துவிட்டார்கள். அப்போதுதான் அவருக்குள் இருந்த நிர்வாகி விழித்துக்கொண்டார். ஒரு பிரிவில் ஆள் இல்லையென்றால் என்ன செய்வோம்? ஆள் இருக்கிற பிரிவிலிருந்து அனுப்புவோம்.

மறுநாள் காலை டீச்சர் பள்ளிக்குக் கிளம்பி, வெள்ளைக் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை. இறங்கிப் போய் முன்மூடியைத் திறந்தாள். உள்ளே பேட்டரி இருந்த இடத்தில் நல்ல காற்றோட்டம்.

"என்னங்க! பேட்டரி எங்க?"

"அயற்பணியில போயிருக்கு," என்றார் ஷெட்டுக்குள்ளிருந்து.

"எங்க போயிருக்கு?"

"அயற்பணி. ஒரு துறையில வேலை பார்க்கறவங்களைத் தற்காலிகமா இன்னொரு துறைக்கு அனுப்பறோம்ல, அது மாதிரி."

"எப்ப திரும்பி வரும்?"

"பணி முடிஞ்சதும்."

அவர் அலுவலகத்தில் அயற்பணிக்குப் போனவர்கள் அங்கேயே ஓய்வு பெற்று, அங்கேயே பிரிவுபசார விழாவும் கண்டவர்கள் என்பது டீச்சருக்குத் தெரியும். அவள் பேருந்தில் போனாள்.

பேட்டரியைத் தொடர்ந்து ஹாரன் போயிற்று. பிறகு பெட்ரோல் பம்பு, விசிறிப் பட்டை, ஏதோ ஒரு ரப்பர் குழாய். குடும்பத்தைப் பிரிந்து அவை சிவப்புக் காருக்குள் சேவையாற்றின. 'நானே மெக்கானிக்' சேனலில் தம்பி இதை 'பழைய பொருள்களுக்கு மறுவாழ்வு' என்று வர்ணித்தான். பார்த்தவர்கள் உருகினார்கள். மறுவாழ்வு பெறும் பொருள்கள் முந்தின நாள்வரை நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தவை என்பதை அவன் சொல்லவில்லை. சொன்னால் கதையின் ஓட்டம் கெடும்.

இந்த நேரத்தில்தான் டீச்சருக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு பெரிய பள்ளியில் தலைமையாசிரியை வேலை. வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்காணல்.

இப்படி அவளுக்கு அழைப்பு வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை துணை இயக்குநருக்கு இடமாற்றல் வந்துவிட்டது, மூட்டை கட்ட ஆள் வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை அவருக்குத் துறைத் தேர்வு. வீடு நிசப்தமாக இருக்க வேண்டுமென்று, அவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தலைமையாசிரியை வேலைக்கு இனி வயது வரம்பும் குறுக்கே நிற்கும். இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். அவளுக்கு அந்த வேலை வேண்டும். இவ்வளவு ஆசையாக அவள் எதையுமே விரும்பியதில்லை. இதை யாரிடமும் சொல்லாமல், குக்கரை இன்னொரு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

"வியாழக்கிழமை எனக்கு என் கார் வேணும்," என்றாள் கணவரிடம்.

"கண்டிப்பா. என் வார்த்தை."

புதன்கிழமை சாயங்காலம் அவசர ஆய்வுக் கூட்டம் கூட்டப்பட்டது. அவருடைய முகத்தில் ஒரு ஒளி இருந்தது.

"பாகங்களைத் திருப்பி அனுப்பறது பெரிய விஷயமில்லை. ஆனா இப்ப அனுப்பினா இத்தனை நாள் உழைப்பும் வீண். அதனால ஒரு மாற்று ஏற்பாடு. நாளைக்கு நானே உன்னை சிவப்பு வண்டியில கொண்டுபோய் விடறேன். முதல் ஓட்டம்!"

"அது இன்னும் கிளம்பவே இல்லையே?"

"நாளைக்குக் கிளம்பும்."

"அக்கா, யோசிச்சுப் பாரு," என்றான் தம்பி. "ஸ்கூல் வாசல்ல நீ செவப்பு வண்டியில போய் இறங்கினா, கேள்வி கேக்கவே மாட்டாங்க. அப்படியே நாற்காலியில உட்கார வெச்சுடுவாங்க."

"அம்மா, நான் வாடகைக் கார் சொல்லிடறேன்," என்றாள் மகள் மெதுவாக.

துணை இயக்குநரின் முகம் வாடிவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவருடைய நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்.

டீச்சருக்குப் பாவமாகப் போயிற்று. இந்தப் பாவம் பார்க்கிற குணம்தான் அவளைப் பிடித்த சனியன். "நம்பறேங்க," என்றாள். சொல்லி முடித்த உடனே தன்னையே ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

வியாழக்கிழமை காலை அற்புதம் நிகழ்ந்தது. சாவியைத் திருப்பியதும் சிவப்புக் கார் இருமியது, செருமியது, பிறகு தெருவே அதிரும்படி உறுமியது. அதிகமாகத் திகைத்தவர் துணை இயக்குநர்தான். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை சரியாகப் பதிவாகவில்லை என்பதால் இன்னொரு தடவை கட்டிக்கொண்டு அழுதார். டீச்சர் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தாள். தம்பி ஸ்கூட்டரில் முன்னால் போனான், கைப்பேசியைப் பின்பக்கமாகப் பிடித்தபடி.

கடைத்தெரு வரை வண்டி ராஜா மாதிரி போயிற்று. கடைத்தெருவின் நடுவில், வங்கிக்கு எதிரே, சாலை கொஞ்சம் மேடாக ஏறும் இடத்தில் அது நின்றது. ஏன் நின்றது என்பது இன்றுவரை ஆய்வில் இருக்கிறது.

அவர் சாவியைத் திருப்பினார். திருப்பினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் இறங்கித் தள்ளு."

"நானா?"

"பின்னே? ஸ்டீயரிங் பிடிக்க அனுபவம் வேணும்மா."

"நான் தினம் கார் ஓட்டறவதாங்க. நான் பிடிச்சுக்கறேன், நீங்க தள்ளுங்க."

"அது ஓடற வண்டி. அதை யார் வேணா ஓட்டலாம்."

பின்னால் வாகனங்கள் வரிசைகட்டின. டீச்சர் கோப்பை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். நல்ல உடை, இஸ்திரி போட்டது. டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினாள். வண்டி அசைந்தது.

நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. அடடா, கலையை மதிக்கத் தெரிந்த கூட்டம்! "என்ன மாடல் சார்?" "நீங்களே ரிப்பேர் பண்ணீங்களா?" "கை வெச்சுப் பார்க்கலாமா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, காரோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். தள்ளுவதற்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. பளபளப்பில் கைரேகை விழுந்துவிடுமே என்ற அக்கறைதான் காரணம். துணை இயக்குநர் முழங்கையை ஜன்னலில் ஊன்றி, ஒவ்வொரு கேள்விக்கும் சளைக்காமல் பதில் சொன்னார். நடுநடுவே கழுத்தைத் திருப்பாமலே, "இன்னும் கொஞ்சம்! நல்லா வருது!" என்று பின்பக்கத்துக்கு ஊக்கமளித்தார்.

டீச்சருக்கு மூச்சு வாங்கியது. வங்கியின் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை தாண்டிவிட்டது. உள்ளங்கை வழுக்கியது, பார்த்தால் கிரீஸ். அப்போது முன்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, கொஞ்சம் குனிஞ்சுக்க. ஃப்ரேம்ல நீ தெரியற."

அவள் குனியவில்லை. நிமிர்ந்தாள். சுற்றிக்கொண்டு வந்து, திறந்திருந்த ஜன்னல் வழியே கையை விட்டுக் கோப்பை எடுத்தாள். துணை இயக்குநர் அப்போது ஒரு ரசிகருக்குக் கார்புரேட்டரின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. எதிரே நிறுத்தத்தில் ஒரு பேருந்து புறப்படத் தயாராக நின்றது. ஓடிப் போய் ஏறிவிட்டாள். பேருந்து கடந்து போகும்போது அவர், "தள்ளு, தள்ளு! விட்டுடாதே!" என்று சொல்லிக்கொண்டிருப்பது அவள் காதில் விழுந்தது. ஸ்டீயரிங்கை வெகு நுணுக்கமாக இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

நேர்காணல் அறைக்குள் அவள் வேர்க்க விறுவிறுக்க நுழைந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த பள்ளித் தாளாளர் அம்மா அவள் நீட்டிய கோப்பை வாங்கினார். அதன் மேல் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

"கையில என்ன அது?"

"கிரீஸ் மேடம். வழியில கார் நின்னுடுச்சு. தள்ளவேண்டியதாப் போச்சு."

"ஏன், ஓட்டறவர் இல்லையா?"

"இருந்தார் மேடம். அவரையும் சேர்த்துத்தான் தள்ளினேன்."

இரு ஓரமும் இருந்த ஆண்கள் இருவரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். தாளாளர் அம்மா கனைக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பு விரல்களைப் பார்த்தார். பிறகு கேள்விகளை ஆரம்பித்தார். கடினமான கேள்விகள்தான். டீச்சர் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. அவளை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, மதியத்துக்குள் மறுபடி கூப்பிட்டு, அடுத்த மாதம் வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். வாசலில் வந்து நின்று, யாரும் பார்க்காதபோது அவள் சத்தமாகச் சிரித்தாள். சிரித்ததும் அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்து ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடைத்தெரு வந்தது. சிவப்புக் கார் இன்னும் அங்கேதான் இருந்தது. வங்கியைத் தாண்டி அடுத்த கடை வரை முன்னேறியிருந்தது. கூட்டம் மாறியிருந்தது, கேள்விகள் மாறவில்லை. துணை இயக்குநர் ஸ்டீயரிங்கில் இருந்தார். தம்பி எதிரே குந்தி உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ தள்ளிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். நன்றாகக் குனிந்து, படத்தில் விழாதபடி தள்ளினாள்.

அவளுடைய மகள்.

டீச்சருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் தன்னைத் தள்ள வைத்தபோதுகூட இவ்வளவு வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கி ஓடி வந்தாள்.

"ஏய்! உனக்கு இன்னிக்கு செய்முறைத் தேர்வு இல்ல?"

மகள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. "ரெண்டு மணிக்குத்தாம்மா. அப்பா போன் பண்ணினாரு. அவசரம், பத்தே நிமிஷம்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"பதினொரு மணிக்கு."

"மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்மா. 'என் மேல நம்பிக்கை இல்லையா'ன்னு கேட்டாரு."

டீச்சர் மகளின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். அதே கறுப்பு. தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எது யாருடையது என்று தெரியவில்லை.

பேச்சுக்குரல் கேட்டு துணை இயக்குநர் கண்ணாடியில் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா டீச்சரம்மா? நல்லதாப் போச்சு! நடுவுல எங்க போயிட்டே? சரி சரி, ரெண்டு பேருமாச் சேர்ந்து தள்ளுங்க. இந்த மேட்டைத் தாண்டிட்டா பறந்துடும்!"

எங்கே போயிருந்தாள் என்று அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. பெரிய லட்சியத்தில் மூழ்கியவர்களுக்குச் சின்ன விஷயங்கள் நினைவிருப்பதில்லை.

"எடு கையை," என்றாள் டீச்சர் மகளிடம்.

"அம்மா, அப்பா..."

"எடுடி கையை. இனிமே இதுல வெக்காதே. யார் முகம் வாடினாலும் வெக்காதே. வாடினா வாடட்டும்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். கல்லூரி வழியாகப் போகும் பேருந்து வந்தது, ஏறினார்கள். அப்போதுதான் துணை இயக்குநர் அன்றைக்கு முதல் தடவையாக வண்டியை விட்டு இறங்கினார். "ரெண்டு பேரும் போயிட்டா எப்படி?" என்று கத்தினார். தம்பி அதைப் பதிவு செய்யவில்லை. தலைப்போடு பொருந்தவில்லையாம்.

மகள் தேர்வு எழுதினாள். வெள்ளைக் காருக்கு டீச்சர் புது பேட்டரியும் மற்றதும் வாங்கிப் போட்டு, முன்மூடிக்கு ஒரு பூட்டும் போட்டாள். சாவி அவளிடம் இருக்கிறது.

துணை இயக்குநரின் புகழுக்கு இதனாலெல்லாம் ஒரு குறைவும் வரவில்லை. அடுத்த வாரமே அலுவலகத்தில் அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. இயக்குநர் தலைமை தாங்கினார். எல்லாப் பிரிவு அதிகாரிகளும் முன்வரிசையில் அமர்ந்தார்கள். 'யாரையும் எதிர்பார்க்காத தனிமனித முயற்சி' என்று பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு விளக்கை அணைத்துத் தம்பியின் காணொளியைத் திரையிட்டார்கள். திரையில் சிவப்புக் கார் கம்பீரமாக, மெதுவாக, மேட்டில் ஏறியது. இன்ஜின் சத்தமே இல்லை. ஸ்டீயரிங்கில் அவர் மட்டும். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இன்ஜின் ஓடாத கார் மேட்டில் எப்படி ஏறுகிறது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் குடும்பஸ்தர்கள்.